ஹூவர்மேட்டிக்கும் நம்மூர் செமி ஆட்டோமேட்டிக்கும்: சிறு வீடுகளின் இரட்டைத் தொட்டி இயந்திரம் பற்றி ஓர் ஒப்பாய்வு

"செமியா, ஃபுல்லியா?" வாஷிங் மெஷின் வாங்கப் போனால் கடைக்காரர் முதலில் கேட்பது இதைத்தான். கையில் இருக்கும் பணத்தைக் கணக்குப் பார்த்துப் பலர் செமி ஆட்டோமேட்டிக் போதும் என்கிறார்கள். நாளைக்கு வசதி வந்தால் மாற்றிக்கொள்ளலாம் என்று சமாதானமும் சொல்லிக்கொள்கிறார்கள். துவைக்க ஒரு தொட்டி, பிழிய ஒரு தொட்டி என்று பக்கத்தில் பக்கத்தில் இரண்டைக் கொண்ட அந்த இயந்திரம், மேலே ஏறும்வரை கால்வைக்கும் நடுப்படி என்ற எண்ணம் நமக்குள் ஊறிப்போயிருக்கிறது.

இந்த எண்ணம் எவ்வளவு சரி என்று பார்க்க, இதே வகை இயந்திரத்தோடு ஒரு தலைமுறைக் காலம் குடித்தனம் நடத்திவிட்டுப் பின் அதைக் கைவிட்ட ஒரு நாட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அந்த நாடு பிரிட்டன். 1950களின் இறுதியிலிருந்து அங்கே சின்னச் சின்ன சமையலறைகளில் உருண்டு திரிந்த ஹூவர்மேட்டிக் இரட்டைத் தொட்டி இயந்திரத்தையும், இன்று தமிழ்நாட்டு நகரங்களின் சிறு வீடுகளில் பால்கனியிலோ குளியலறை வாசலிலோ நிற்கும் செமி ஆட்டோமேட்டிக்கையும் இக்கட்டுரை ஒப்பிடுகிறது.

பிறப்பும் வழித்தோன்றலும்

ஹூவர் நிறுவனம் 1948 அக்டோபரில் தெற்கு வேல்ஸில் மெர்தர் டிட்வில் என்னும் ஊரில் தன் வாஷிங் மெஷின் ஆலையைத் திறந்தது. நிலக்கரியும் இரும்பும் செழித்து நலிந்த ஊர் அது. அங்கே முதலில் தயாரானது ஒற்றைத் தொட்டி இயந்திரம். தொட்டியின் பக்கச் சுவரில் சுழலும் ஒரு தட்டு தண்ணீரைக் கலக்கும். பிழிவதற்கு மேலே கையால் சுற்றும் இரண்டு உருளைகள் இருக்கும். துணியை அவற்றுக்கிடையே கொடுத்துச் சுற்றிச் சுற்றித் தோள் வலித்த பெண்களுக்கு, 1957இல் வந்த ஹூவர்மேட்டிக் பெரிய விடுதலையாக இருந்தது. உருளைகள் போய், அந்த இடத்தில் மின்சாரத்தில் சுழன்று பிழியும் இரண்டாவது தொட்டி வந்தது.

அடுத்த சில ஆண்டுகளில் இந்த இயந்திரத்துக்காக அங்கே ஒரு வணிகப் போரே நடந்தது. ஜான் புளூம் என்னும் இளைஞர் கடைகளை ஒதுக்கிவிட்டு, செய்தித்தாள் விளம்பரம் மூலமும் வீட்டுக்கே வரும் விற்பனையாளர்கள் மூலமும் இரட்டைத் தொட்டி இயந்திரங்களை மலிவாக விற்றார். அவருடைய ரோல்ஸ் ரேசர் நிறுவனம் 1964 ஜூலையில் மூழ்கியது. ஆனால் அந்தப் போட்டியில் விலை இறங்கியதால், தொழிலாளர் குடும்பங்களின் சமையலறைக்குள் இயந்திரம் நுழைந்துவிட்டது.

நம்மூர் இயந்திரத்தின் பரம்பரை ஜப்பான் வழியாக வருகிறது. ஆனால் அதன் வேரைத் தேடினால் மீண்டும் மெர்தர் டிட்வில்தான் வரும். சான்யோ நிறுவனத்தை நிறுவிய இயூவே தோஷியோ, வெளிநாட்டு இயந்திரங்களை வாங்கிப் பிரித்து ஆராயச் செய்து, ஹூவரின் பக்கச் சுவர் முறையைத் தழுவி 1953இல் எஸ்.டபிள்யூ-53 என்னும் இயந்திரத்தை 28,500 யென்னுக்கு விற்பனைக்குக் கொண்டுவந்தார். பின்னர் ஜப்பானியர்கள் அந்தச் சுழல் தட்டைச் சுவரிலிருந்து தொட்டியின் அடிக்கு இறக்கினார்கள். பிழியும் தொட்டியையும் பக்கத்தில் சேர்த்தார்கள். இந்தியாவில் இன்று விற்கும் செமி ஆட்டோமேட்டிக்கின் வடிவம் அங்கே பிறந்ததுதான். ஒன்று பாட்டி என்றால் மற்றது பேத்தி என்பதால்தான் இந்த ஒப்பீட்டுக்கு அர்த்தம் இருக்கிறது. இயந்திரத்தின் ஆதாரம் ஒன்றே. அது வாழும் வீடுதான் வேறு.

இயங்கும் விதம்

ஹூவர்மேட்டிக் சூட்டை நம்பிய இயந்திரம். பெரும்பாலான மாடல்களில் துவைக்கும் தொட்டிக்குள்ளேயே ஹீட்டர் இருந்தது. தண்ணீரைக் கொதிக்கும் நிலைவரை காய்ச்சி, சோப்புத் தூள் போட்டு, வெள்ளைத் துணிகளை முதலில் இறக்குவார்கள். பக்கச் சுவரின் தட்டு துணியை அடித்துப் புரட்டும். நான்கு நிமிடம் ஓடினால் படுக்கை விரிப்பு வெளுத்துவிடும். அதற்குமேல் ஓடவிட்டால் துணி நையும். கொதிநீரிலிருந்து கையால் எடுக்க முடியாது என்பதால் நீண்ட மர இடுக்கி ஒன்று எப்போதும் பக்கத்தில் இருக்கும்.

நம்மூர் இயந்திரத்தில் ஹீட்டர் கிடையாது. நம் தண்ணீருக்கு அது தேவையும் இல்லை. சித்திரை வெயிலில் மாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீரே சுடுகிறது. சூடு செய்யும் வேலையை இங்கே நேரம் செய்கிறது. சோப்புத் தூள் கரைத்த தண்ணீரில் துணியை அரைமணி ஊறவைத்து, பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டுகிறோம். அடித்தட்டு ஒரு பக்கம் சுழன்று, நின்று, எதிர்ப்பக்கம் சுழலும். அப்படியும் ஐந்தரை மீட்டர் புடவை முறுக்கிக்கொள்ளாமல் விடாது. அதனால்தான் பழகிய கைகள் புடவையை நாலாக மடித்துத் தளர்வாகப் போடும். சட்டைக் கைகளோடு சேர்த்துப் போடாது.

பிழிவதில் பழைய இயந்திரத்தின் கை ஓங்கியிருந்தது. அதன் சுழல் தொட்டி சிறியது, வேகம் மிக அதிகம். வெயில் அரிதான ஊரில் வீட்டுக்குள்ளேயே துணி உலர வேண்டும் என்பதால், கடைசிச் சொட்டுவரை பிழிவது அவர்களுக்கு முக்கியம். நாம் ட்ரையர் என்று அழைக்கும் தொட்டி நிமிடத்துக்கு ஏறத்தாழ 1300 சுற்றுகள் சுழல்கிறது. மொட்டை மாடிக் கொடியும் வெயிலும் இருக்கும்வரை அது தாராளம். மழைக்காலத்திலும், மாடிக்குப் போக வழியில்லாத அடுக்குமாடிகளிலும்தான் இன்னும் கொஞ்சம் வேகம் இருக்கக்கூடாதா என்று தோன்றும்.

இரண்டிலும் மாறாத ஒன்று, பிழியும் தொட்டியை அடுக்கும் கைப்பக்குவம். ஈரத்துணியைப் பந்தாகச் சுருட்டிப் போட்டால் தொட்டி ஒரு பக்கம் சாய்ந்து தடதடவென்று இயந்திரமே நடக்கத் தொடங்கும். கனமான துணியைச் சுற்றிலும் ஒரே சீராக வளையமாக அமுக்கி, லேசானதை மேலே வைத்து, அதன்மேல் மூடித்தட்டைப் பொருத்த வேண்டும். சரியாக அடுக்கிவிட்டால் முதல் சில விநாடி குலுங்கி, பிறகு ஒரே சீரான ரீங்காரமாக ஓடும். லண்டனில் 1960இல் இதைக் கற்ற பெண்ணைச் சென்னையில் இன்று கொண்டுவந்து நிறுத்தினால், கையேடு பார்க்காமலே வேலையை முடித்துவிடுவார்.

வீட்டில் எந்த மூலை?

பிரிட்டிஷ் வீட்டில் இயந்திரத்தின் இடம் சமையலறை. குளியலறையில் சாதாரண மின் பிளக் வைக்க அங்கே விதி இடம் கொடுக்கவில்லை. வெந்நீர்க் குழாயும் பாத்திரம் கழுவும் தொட்டியும் சமையலறையில் அருகருகே இருந்தன. திங்கட்கிழமை துவைக்கும் நாள் என்பது பழைய வழக்கம். அன்று சக்கரங்களில் இயந்திரத்தை உருட்டிவந்து, குழாயில் ரப்பர் ஹோஸை மாட்டி, கழிவு ஹோஸைப் பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் கொக்கிபோல் தொங்கவிட்டு வேலை தொடங்கும். மற்ற நாட்களில் அது மேடையோரம் ஒதுங்கி நிற்கும். அதன் மூடி காய்கறி வைக்கும் பலகையாகிவிடும். நிரந்தரக் குழாய் இணைப்பு தேவையில்லை, சுவரை உடைக்க வேண்டியதில்லை, வாடகை வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை. இதுவும் இல்லாத ஒற்றை அறைவாசிகளுக்கு, 1949இல் லண்டன் குயின்ஸ்வேயில் தொடங்கிய காசு போட்டுத் துவைக்கும் கடைகள் துணையாயின.

தமிழ் வீட்டில் சமையலறைக்குள் அழுக்குத் துணி நுழைவதை மனம் ஏற்பதில்லை. எவ்வளவு சிறிய வீடானாலும் அடுப்பங்கரைக்கும் அழுக்குத் துணிக்கும் நடுவே ஓர் எல்லை உண்டு. அதனால் செமி ஆட்டோமேட்டிக் குளியலறை வாசலுக்கோ, பால்கனிக்கோ, பின்கட்டுக்கோ போகிறது. துவைக்கும் கல் இருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே அது நிற்பதும் இதனால்தான். கழிவு ஹோஸைத் தரையில் விட்டால் தண்ணீர் தானாகச் சாய்ந்து சாக்கடைத் துளைக்குப் போய்விடும். உயரத்துக்கு ஏற்ற பம்ப் வேண்டியதில்லை.

இடத்தை மட்டும் அளந்தால் நம் இயந்திரத்துக்குச் சாதகமில்லை. அதன் அகலம் இரண்டரை அடியைச் சற்றுத் தாண்டும். முன்பக்கம் துணி போடும் ஃபுல்லி ஆட்டோமேட்டிக் இரண்டடியில் அடங்கிவிடும். ஆனால் எடையைப் பாருங்கள். பிளாஸ்டிக் உடல்கொண்ட செமி 20 முதல் 30 கிலோவுக்குள் இருக்கும். முன்பக்க இயந்திரம், அதிராமல் நிற்க உள்ளே கான்கிரீட் கட்டையோடு 60 கிலோவைத் தாண்டும். பதினொரு மாத ஒப்பந்தத்தில் வீடு மாறிக்கொண்டே இருக்கும் குடும்பத்துக்கு, லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடிக்கு இரண்டு பேர் தூக்கிக்கொண்டு ஏறக்கூடிய இயந்திரம்தான் வசதி. பிரிட்டனில் இது வீட்டுக்குள் உருண்ட இயந்திரம். இங்கே வீடு விட்டு வீடு பயணப்படும் இயந்திரம்.

தண்ணீர்க் கணக்கு

ஒப்பீட்டின் உயிர்நிலை இதுதான். ஹூவர்மேட்டிக் காலத்து பிரிட்டிஷ் இல்லத்தரசிக்குத் தண்ணீர் பஞ்சமில்லை. சூடான தண்ணீர்தான் பஞ்சம். காய்ச்சிய தண்ணீருக்கு மின்கட்டணம் உண்டு. ஆகவே ஒரே தொட்டித் தண்ணீரில் முதலில் வெள்ளை, அடுத்து வண்ணத் துணி, கடைசியில் வேலைக்குப் போகும் முரட்டு உடை என்று வரிசையாகத் துவைத்தார்கள். பிழிந்த சோப்பு நீரையும் வீணாக்காமல் துவைக்கும் தொட்டிக்கே திருப்பிவிடும் ஏற்பாடு இயந்திரத்தில் இருந்தது. தண்ணீர் ஆற ஆற அழுக்கான துணி உள்ளே போகும்.

நம் வீட்டிலும் அதே வரிசைதான். பள்ளிச் சீருடை வெள்ளைச் சட்டை முதலில், பிறகு புடவை, நைட்டி, கைலி, கடைசியில் மிதியடி. எல்லாம் முடிந்ததும் அந்தச் சோப்புத் தண்ணீரைத் திறந்துவிட்டுக் குளியலறைத் தரையைத் தேய்ப்போம். அலசிய தண்ணீரைப் பக்கெட்டில் பிடித்துக் கழிப்பறைக்கு ஊற்றுவோம். அங்கே சூட்டைச் சேமிக்கக் கண்ட வழி இங்கே தண்ணீரைச் சேமிக்கும் வழியாகியிருக்கிறது.

ஃபுல்லி ஆட்டோமேட்டிக் இயந்திரங்களின் கையேடுகள் பொதுவாகக் குறைந்தது 0.3 பார் நீரழுத்தம் கேட்கும். ஏறத்தாழ 3 மீட்டர் உயரத்திலிருந்து தண்ணீர் இறங்கினால்தான் அந்த அழுத்தம் கிடைக்கும். தலைக்கு மேலேயே சின்டெக்ஸ் தொட்டி இருக்கும் மேல்மாடி வீட்டில் அது கிடைப்பது கஷ்டம். நாளுக்கு ஒருமுறை மோட்டார் போட்டு நிரப்பும் வீட்டில், நடுவில் தண்ணீர் நின்றால் இயந்திரமும் நின்று கூவும். செமிக்கு அழுத்தம் என்ற பேச்சே இல்லை. மூன்று நான்கு பக்கெட் தண்ணீரை மொண்டு ஊற்றினால் போதும். அது குழாய்த் தண்ணீரா, லாரித் தண்ணீரா, குடத்தில் பிடித்து வைத்ததா என்று அது கேட்பதில்லை. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த நாட்களை நினைத்துப் பார்த்தால் இதன் அருமை புரியும்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். செமி தானாகவே தண்ணீரைச் சேமித்துவிடாது. ஒவ்வொரு அலசலுக்கும் தொட்டியை விளிம்புவரை நிரப்பி, குழாயைத் திறந்துவிட்டு வழியவிட்டால், முன்பக்க ஃபுல்லி ஆட்டோமேட்டிக்கைவிட அதிகத் தண்ணீர் செலவாகும். சேமிப்பது பயன்படுத்துபவரின் கை. மறுபடி பயன்படுத்த வழிவிடுவதுதான் இயந்திரம் செய்யும் உதவி.

உழைப்பு யாருடையது?

இரட்டைத் தொட்டி இயந்திரத்தின் பெரிய குறை, அதைவிட்டு நகர முடியாது என்பதே. நிரப்ப வேண்டும், ஓட்ட வேண்டும், ஈரத்துணியைத் தூக்கி அடுத்த தொட்டிக்கு மாற்ற வேண்டும், பிழிய வேண்டும், மறுபடி இந்தப் பக்கம் போட்டு அலச வேண்டும், மறுபடி பிழிய வேண்டும். பிரிட்டனில் திங்கட்கிழமை முற்பகல் முழுவதும் ஆவியும் ஈரத் தரையுமாகச் சமையலறையில் போனது. இங்கே காலையில் டிபன் கட்டும் அவசரத்தோடு சேர்ந்து ஓடுகிறது. டைமர் மணியடித்ததும் அடுப்பைத் தணித்துவிட்டு ஓடிவந்து துணியை மாற்றுபவர் யார் என்று வீட்டுக்கு வீடு பார்த்தால், அன்றும் இன்றும் பெரும்பாலும் பெண்தான்.

ஃபுல்லி ஆட்டோமேட்டிக் தரும் உண்மையான லாபம் இந்த நேரம்தான். பொத்தானை அழுத்திவிட்டு அலுவலகம் போகலாம். இதற்கு மாற்றாக செமி தருவது கட்டுப்பாடு. வேலை நடுவே ஒரு காலுறை கிடைத்தால் மூடியைத் திறந்து போடலாம். மூன்றே துணி என்றாலும் ஓட்டலாம். ஒரு பக்கம் துவைத்துக்கொண்டே மறுபக்கம் பிழியலாம். அதனால் கூட நின்றால் நான்கு பேர் துணி சீக்கிரமே கொடிக்குப் போய்விடும். ஆள் நின்றால் நேரம் குறையும், ஆள் போனால் இயந்திரமும் நிற்கும். இந்தப் பரிமாற்றத்தில் எது லாபம் என்பது வீட்டில் எத்தனை பேர் கைகொடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

பழுதும் பாதுகாப்பும்

இரண்டு தலைமுறை இயந்திரங்களும் எளிமையில் ஒன்றுபடுகின்றன. துவைக்க ஒரு மோட்டார், பிழிய ஒரு மோட்டார், திருகினால் ஓடும் டைமர், ஒரு பெல்ட், சில ரப்பர் சீல்கள். பிழியும் பக்கம் கெட்டாலும் துவைக்கும் பக்கம் ஓடும். தெருமுனை மெக்கானிக் கெபாசிட்டரையோ பிரேக் ஒயரையோ அன்றைக்கே மாற்றிவிடுவார். ஃபுல்லியில் மின்னணுப் பலகை போனால் கதை வேறு. மின்னழுத்தம் ஏறி இறங்கும் தெருக்களில் அந்தப் பலகைக்குத்தான் முதல் அடி. 2012ஐ ஒட்டிய நீண்ட மின்வெட்டுக் காலத்தில், மின்சாரம் வந்ததும் மறுபடி திருகிவிட்டாலே போதும் என்ற இந்த டைமர் பல வீடுகளைக் காப்பாற்றியது.

உடலில்தான் வேறுபாடு. ஹூவர்மேட்டிக்கின் வெளிக்கூடு எனாமல் பூசிய இரும்பு. ஈரம் பட்டுப் பட்டு ஓரம் துருவேறும். உப்புத் தண்ணீர் ஊர்களில் இரும்பு தாங்காது என்பதால் நம் செமி முழுக்கப் பிளாஸ்டிக்குக்கு மாறியது. ஒயர்களைக் கடிக்கும் எலிக்கு எதிராக அடியில் வலையும் வந்தது. ஆழ்துளைக் கிணற்று உப்பு ஹீட்டர் கம்பியில் பாறையாகப் படியும் தொல்லையும் ஹீட்டரே இல்லாத இயந்திரத்துக்குக் கிடையாது. பாதுகாப்பில் மட்டும் அலட்சியம் கூடாது. ஈரத் தரையில், வெறுங்காலோடு, மின் இயந்திரத்தைத் தொடுகிறோம். எர்த் இணைப்பும், கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் இல்லாமல் குளியலறை ஓரத்தில் இதை இயக்கக் கூடாது. சுழல் தொட்டி முழுதாக நிற்கும்முன் கையை விடக் கூடாது, குழந்தைகளையும் அண்டவிடக் கூடாது.

அங்கே ஏன் மறைந்தது, இங்கே ஏன் நிற்கிறது?

பிரிட்டனில் 1970களிலும் 80களிலும் இரட்டைத் தொட்டி ஒதுங்கத் தொடங்கியது. இயந்திரம் கெட்டுப்போய் இது நடக்கவில்லை. வீடு மாறியது. சமையலறையில் மேடைக்கடியில் நிரந்தரக் குழாயும் கழிவு இணைப்பும் வந்தன. குறைந்த சூட்டிலேயே வெளுக்கும் சோப்புத் தூள்கள் வந்தன. திருமணமான பெண்கள் வேலைக்குப் போனார்கள். திங்கட்கிழமை முற்பகலைத் துணிக்குக் கொடுக்க ஆளில்லை. குழாயில் எந்நேரமும் அழுத்தத்தோடு வரும் தண்ணீர் தானியங்கி இயந்திரத்தைச் சாத்தியமாக்கியது. மெர்தர் டிட்வில் ஆலையிலும் 2009 மார்ச்சில் உற்பத்தி நின்றது. இன்றும் அங்கே சிறிய இரட்டைத் தொட்டி இயந்திரங்களை வாங்குபவர்கள் இருக்கிறார்கள். வண்டி வீட்டிலும் கால்வாய்ப் படகிலும் வாழ்பவர்கள் அவர்கள். குழாய் இணைப்பு இல்லாத இடத்தில் இந்த இயந்திரம் அங்கேயும் உயிரோடுதான் இருக்கிறது.

இங்கே வேலைக்குப் போகும் பெண்கள் பெருகிவிட்டார்கள், சோப்புத் தூளும் மாறிவிட்டது. தண்ணீர் மட்டும் மாறவில்லை. 2021 சட்டமன்றத் தேர்தலில் அ.தி.மு.க. தன் அறிக்கையில் குடும்ப அட்டைதாரர்களுக்கு இலவச வாஷிங் மெஷின் தருவதாக வாக்களித்தது. ஆட்சி அமையாததால் அது நடக்கவில்லை. வந்திருந்தால், அந்த இயந்திரத்தை 400 சதுர அடிக்கும் குறைவான குடியிருப்பு வீட்டில் எந்தக் குழாயில் மாட்டி, எந்தத் துளையில் வடியவிட்டிருப்போம் என்பது யாரும் கேட்காத கேள்வி. இயந்திரத்தைக் கொடுப்பது எளிது, அதற்கு இடம் கொடுப்பதுதான் கடினம்.

முடிவு

இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் கிடைக்கும் தீர்ப்பு இதுதான்: இரட்டைத் தொட்டி இயந்திரம் தரத்தில் தாழ்ந்ததல்ல. குழாயை நம்ப முடியாத வீட்டுக்குச் செய்த இயந்திரம் அது. தண்ணீர் நாள் முழுதும் அழுத்தத்தோடு வரும், வீட்டில் பகலில் ஆள் இல்லை என்றால் ஃபுல்லி ஆட்டோமேட்டிக்கே சிறந்தது. அதற்காகத் தயங்க வேண்டாம். தண்ணீர் முறைவைத்து வரும், வாடகை வீடு, உப்புத் தண்ணீர், உதவிக்கு இன்னொரு கை உண்டு என்றால் செமியே அறிவுள்ள தேர்வு. அதற்காகக் கூச்சப்பட வேண்டாம்.

சிறு வீடுகள் கட்டும் வாரியங்களுக்கும் கட்டுநர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மூன்றடிக்கு இரண்டடி இடம், அதன்மேல் ஒரு குழாய், கீழே சரியான வாட்டத்தோடு ஒரு வடிகால் துளை, ஈரம் படாத உயரத்தில் எர்த் உள்ள ஒரு பிளக். வரைபடத்திலேயே இந்த நான்கையும் குறித்துவிடுங்கள். செமியோ ஃபுல்லியோ, எதை வாங்குவது என்பதைக் குடும்பம் பார்த்துக்கொள்ளும்.